மேஸ்திரியின் கைப்பக்குவம் அடுத்த ஷிஃப்டுக்குச் சேர்வது எப்படி?

கேள்வி – ராணிப்பேட்டை, ஷிஃப்ட் மேற்பார்வையாளர்

தோல் பதனிடும் ஆலையொன்றில் சுண்ணாம்பில் ஊறவைப்பது முதல் குரோம் உப்பால் பதனிடுவது வரையிலான ஈரவேலையைக் கவனித்து வருகிறேன். முப்பது ஆண்டு அனுபவமுள்ள எங்கள் மேஸ்திரி, தோல்கள் சுழலும் டிரம்மை நிறுத்தித் தோலின் தடித்த பகுதியைக் கத்தியால் கீறி வெட்டுமுகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் அரைமணி ஓடட்டும்" என்பார். காரணத்தை எழுதித் தரமாட்டார். இளையவர்களாகிய நாங்கள் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் பதிகிறோம். அவர் அதைத் திறப்பதே இல்லை. சென்ற மாதம், பிக்கிள் (குரோமுக்கு முன் தோலுக்குள் இறங்க வேண்டிய உப்பு-அமிலக் கரைசல்) இன்னும் உள்ளே இறங்கவில்லை என்று பகல் ஷிஃப்ட் அனுப்பிய செய்தி அவரை எட்டவில்லை. இரவில் குரோம் போடப்பட்டு, அது மேற்பரப்பிலேயே பிடித்துக்கொண்டதால், ஒரு லாட் முழுவதும் நடுவில் பதப்படாமலேயே நின்றுவிட்டது. இரு தரப்பையும் இணைக்க என்ன வழி?

பதில் – வாணியம்பாடி, ஓய்வுபெற்ற மேஸ்திரி

தம்பி, சுண்ணாம்பும் அமிலமும் படிந்த கையுறையோடு நிற்பவர் கைப்பேசியை எடுக்கமாட்டார். அது அலமாரியில்தான் கிடக்கும். வாட்டில் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்தில், என் ஆசான் என் கையைப் பிடித்துத் தோலின் மேல் வைத்துத்தான் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தார். எழுதாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால், பாதிச் சம்பளத்துக்கு வேறொருவரை வைத்துக்கொள்வார்களே என்ற அச்சம் எங்களில் பலருக்கு இருந்தது. உங்கள் மேஸ்திரியிடம் முதலில் அதைப் பற்றி மனம்விட்டுப் பேசுங்கள். நோட்டுப் புத்தகத்தைப் பிறகு நீட்டலாம்.

பதில் – ஆம்பூர், ஆய்வக ஊழியர்

ஐயா சொல்வது உண்மை. எங்கள் ஆலையில் ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறோம். பிக்கிள் முடியும் நேரத்தில் மேஸ்திரி வெட்டுமுகத்தைப் பார்க்கும்போதே, நான் அதன்மேல் புரோமோகிரெசால் கிரீன் என்ற, அமிலத்தை நிறத்தால் காட்டும் திரவத்தைச் சொட்டு விடுவேன். நடுவரை மஞ்சளாக இருந்தால் அமிலம் இறங்கிவிட்டது. நடுவில் நீலமோ பச்சையோ தெரிந்தால் இன்னும் ஓட வேண்டும். அவர் சொன்ன சொல்லையும் டிரம்மில் உள்ள கரைசலின் பிஎச் (அமிலத்தன்மை) அளவையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறோம். சில வாரங்களிலேயே, "அரைமணி" என்று அவர் சொன்னபோதெல்லாம் சொட்டும் நடுவில் மஞ்சளாகாமல் இருந்ததை இருவரும் கண்டோம். அன்றுமுதல் சொட்டு விடச் சொல்லி அவரே என்னை அழைக்கிறார். ஷிஃப்ட் மாறும்போது இரு தரப்பினரும் பலகை முன் நின்று உரக்கப் படித்த பிறகே வேலை கைமாறும். அதன் படம் பிறகுதான் வாட்ஸ்அப்புக்குப் போகும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மேஸ்திரியிடம் நாளை பேசுகிறேன். அவருடைய சொற்களை அப்படியே எழுதுவதா, அளவாக மாற்றி எழுதுவதா?

ஆம்பூர், ஆய்வக ஊழியர்

அப்படியே எழுதுங்கள். மாற்றி எழுதினால், அது தம்முடைய சொல் என்று அவருக்கே தெரியாமல் போய்விடும்.