13 வயசுப் பையனுக்கு கார்ட் ரேஸ்: பழைய கார்ட் வாங்கலாமா, டீமில் சேர்க்கலாமா?

கோவை_அப்பா:
வணக்கம். பையன் ஒரு வருஷமா வாடகை கார்ட் ஓட்டுறான், இனிமே போட்டியில் இறங்கணுமாம். எடை 41 கிலோ. பழைய ரோட்டாக்ஸ் மேக்ஸ் (ரோட்டாக்ஸ் கம்பெனி ரேஸ் இன்ஜின் வச்ச) கார்ட் ஒண்ணு விலைக்கு வருது. வாங்கிடலாமா, இல்ல முதல் சீசன் டீமிலேயே ஓட்ட விடலாமா? லைசென்ஸ், வகுப்பு பத்தியும் சொல்லுங்க. வாங்குறதா இருந்தா எதெதைப் பார்க்கணும்?

பிட்லேன்:
சார், இந்த வயசுக்கு ஜூனியர் மேக்ஸ் வகுப்புதான். வயதை எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதை அந்தந்த சீசன் விதிப்புத்தகத்தில் பாருங்கள். எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டு சம்மேளனம்) தரும் போட்டி லைசென்ஸ் கட்டாயம். மருத்துவச் சான்று, வயதுச் சான்று, மைனர் என்பதால் பெற்றோர் சம்மதம் எல்லாம் வேண்டும். ரேஸ் வாரம் வரை இழுக்காமல் முன்கூட்டியே விண்ணப்பித்து விடுங்கள்.

வாடகை கார்ட் அனுபவத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அதில் இருப்பது 9 குதிரைத்திறன் போலத் தரும் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். ஜூனியர் மேக்ஸ் 125 சிசி டூ ஸ்ட்ரோக், 23 குதிரைத்திறன், டயரும் ரோட்டை நன்றாகப் பிடிக்கும். கழுத்தும் முன்கையும் பழகவே சில பயிற்சி நாட்கள் ஆகும். பெங்களூரு மீகோ கார்டோபியாவிலோ இருங்காட்டுக்கோட்டை கார்ட் ட்ராக்கிலோ ஒரு டீமுடன் டெஸ்ட் நாள் போட்டுப் பாருங்கள்.

என் கருத்து, முதல் சீசன் டீமோடு போவதே நல்லது. மெக்கானிக், இன்ஜின், உதிரிபாகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு, பையன் ஓட்டுவதை மட்டும் கவனிக்கலாம். ஒன்றை மட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்: மோதினால் செலவு யாருடையது? பின் ஆக்ஸில், ஸ்டப் ஆக்ஸில் (முன்சக்கரத்தைத் தாங்கும் குட்டி அச்சு), டை ராட் (ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) மூன்றும்தான் அடிக்கடி வளையும். டயர் கட்டணம் சேர்ந்ததா இல்லையா என்பதையும் கேளுங்கள். சீசன் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் பெரிய செலவு அதுதான்.

டூஸ்ட்ரோக்_மெக்கானிக்:
வாங்கித்தான் ஆகணும்னா முதலில் கார்ட்டைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்க. சேசிஸ் (கார்ட்டோட அடிச்சட்டம்) பைப் தரையில் உரசி உரசித் தட்டையாகியிருக்கும். லேசா இருந்தா பரவாயில்லை, நல்லா தேய்ஞ்சிருந்தா சுவர் மெலிஞ்சுடுச்சுன்னு அர்த்தம், விட்டுடுங்க. அப்புறம் சீட் தாங்கி, ஆக்ஸில் பேரிங் தாங்கி, ஸ்டியரிங் தாங்கி, இந்த மூணு இடத்து வெல்டிங்கையும் துடைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. பெயின்ட்ல மயிரிழை மாதிரி கோடு தெரிஞ்சா அது விரிசல். புதுசா பெயின்ட் அடிச்ச சேசிஸ்னா இன்னும் கவனம் வேணும்.

பின் ஆக்ஸிலைக் கையால சுத்திவிட்டு பிரேக் டிஸ்க்கைப் பாருங்க. டிஸ்க் பக்கவாட்டில் ஆடினா டிஸ்க்கோ ஆக்ஸிலோ கோணலா இருக்கலாம்.

ரோட்டாக்ஸ் இன்ஜின் சீல் வச்சு வரும். சீல் நம்பரும் இன்ஜின் அடையாள அட்டையில் இருக்கிற நம்பரும் ஒத்துப்போகணும். அட்டை இல்லைன்னா எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வேண்டாம், ரேஸில் ஸ்க்ரூட்டினி (அதிகாரிகள் பண்ற வண்டி சோதனை) தாண்டாது. கடைசி சர்வீஸ் எப்போ, அதுக்கப்புறம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னும் கேளுங்க. 50 மணி நேரத்தை நெருங்கிட்டா பிஸ்டன், பேரிங் செலவு உங்க தலையில்தான் விடியும், விலையில் அதைக் குறைச்சுக் கேளுங்க.

பெட்ரோலில் ஆயில் 2 சதவீதம், அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி. கலந்த பெட்ரோலை அடுத்த மாசத்துக்குன்னு வைக்காதீங்க. பெட்ரோலில் இருக்கிற எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓட்டி முடிச்சதும் கார்ப்பரேட்டர் கிண்ணத்தைக் காலி பண்ணிடுங்க. மெயின் ஜெட்டை (கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற துளை) பெருசுல ஆரம்பிச்சு ஒவ்வொரு சைஸா இறக்குங்க. பெருசா இருந்தா இன்ஜின் மேல் ஆர்பிஎம்மில் திக்கும், அவ்வளவுதான். ரொம்பச் சின்னதா போட்டா நேர்ப்பாதைக் கடைசியில் பிஸ்டன் சூடாகி சிலிண்டரோட பிடிச்சுக்கும். மத்தியான வெயில்ல செட் பண்ணின ஜெட்டோட மறுநாள் காலைக் குளிர்ல ஓட்டுறதுதான் பலர் இன்ஜினைப் பிடிக்க விடுற வழி. குளிர்ந்த காத்து அடர்த்தி, அதுக்கு ஜெட் பெருசா வேணும்.

கோவை_அப்பா:
ரொம்ப நன்றிங்க. டீமோடவே போறோம். குறைந்தபட்ச எடை 145 கிலோன்னு சொல்றாங்க, இவன் ரொம்ப ஒல்லி. என்ன செய்யறது? சீட் அளவு சரியா இல்லேன்னா சிக்கல்னும் பயமுறுத்துறாங்க.

அபெக்ஸ்:
145 என்பது ரேஸ் முடிந்து கார்ட்டும் ஓட்டுநரும் ஹெல்மெட், சூட்டோடு தராசில் ஏறும்போது வர வேண்டிய எடை. குறைவதற்கு ஈயக்கட்டி வைத்து ஈடுகட்ட வேண்டும். அதைக் குறைந்தது 6 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு போட்டு சீட்டில் இறுக்குங்கள், டேப் சுற்றி வைத்தால் விட மாட்டார்கள். எங்கே வைப்பது என்பதை டீம் நான்கு சக்கரத்தையும் தனித்தனியே தராசில் வைத்து முடிவு செய்யட்டும். மொத்த எடையில் முன்பக்கம் 43 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்ல தொடக்கம்.

சீட்டைப் பற்றிச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். கார்ட்டில் டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு) கிடையாது, இரண்டு பின்சக்கரமும் ஒரே ஆக்ஸிலில் சேர்ந்துதான் சுற்றும். திருப்பத்தில் உள்பக்கப் பின்சக்கரம் கொஞ்சம் தூக்கினால்தான் கார்ட் திரும்பும். தூக்காவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, முன்பக்கம் நேராக நழுவும், வெளியே வரும்போது ஆர்பிஎம் செத்துவிடும். பையனின் எடையைச் சீட் வழியாக வெளிப்பக்கப் பின்டயருக்குக் கடத்தித்தான் அந்தத் தூக்கல் கிடைக்கிறது. பெரிய சீட் போட்டு ஸ்பாஞ்ச் அடைத்தால் இது கெடுவதோடு, உடல் ஆடி ஆடி விலா எலும்பும் அடிபடும். இடுப்பு அளவுக்குப் பிடிப்பான சீட்டும் விலாக் கவசமும் முதல் நாளே இருக்கட்டும்.

பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே அழுத்தமாக மிதித்து, திருப்பும்போது விட்டுவிடச் சொல்லுங்கள். திருப்பிக்கொண்டே மிதித்தால் பின்பக்கம் சுற்றிவிடும். வாடகை கார்ட்டில் வந்தவர்கள் திருப்பத்துக்கு உடம்பை உள்பக்கம் சாய்ப்பார்கள். அது சக்கரம் தூக்குவதைத் தடுக்கும், நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள்.

முதல் சீசனில் செட்டப் (கார்ட்டின் அமைப்பு அளவுகள்) மாற்றுவதை டீமிடம் விடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது டயர் காற்று நோட்டு. நம்ம ஊர் வெயிலில் குளிர்ந்த டயரில் 10 பிஎஸ்ஐ வைத்து அனுப்புங்கள். உள்ளே வந்தவுடன் நான்கு டயரையும் அளந்து, ட்ராக் சூடு, லேப் நேரத்தோடு எழுதுங்கள். முதல் மூன்று லேப் வேகமாக வந்து பிறகு வழுக்கினால் காற்று அதிகம், அரை பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். கடைசி லேப் வரை பிடிப்பே வராவிட்டால் அதே அளவு ஏற்றுங்கள்.

பிட்லேன்:
ஒரு சேர்க்கை: முன் மூக்கு பம்பர் மோதலில் நகர்ந்தால் ரேஸ் முடிவில் 5 விநாடி அபராதம். முன்னால் போகிறவரைத் தள்ளி முந்தப் பழகினால் பிடித்த இடம் அங்கேயே பறிபோகும். மஞ்சள் (முன்னே ஆபத்து), நீலம் (பின்னால் வேகமானவர்) கொடி விதிகளை ஓட்டுநர் கூட்டத்துக்கு முன்பே படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.