இங்கிலாந்தில் பள்ளிக்கூடக் கட்டடம் வரைய வந்திருக்கும் டெல்டாக்காரர்களுக்கு

கட்டடக்கலை படித்துவிட்டு இங்கே வந்து இறங்கும் நம் பக்கத்துத் தம்பி தங்கைகளுக்கு முதலில் உறுத்துவது, ஊரில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டாக இருந்தவர்களை இங்கே உதவியாளர் என்று அழைப்பதுதான். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏ.ஆர்.பி. என்னும் பதிவு வாரியத்தின் பட்டியலில் பெயர் ஏறாதவர்கள் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைப் போட்டுக்கொண்டு தொழில் செய்வது குற்றம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெற்ற பதிவு இங்கே தானாகச் செல்லாது. இதை அறியாமல் என் பயோடேட்டாவின் தலைப்பிலேயே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டிருந்தேன். முதல் நேர்காணலில், அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பேசத் தொடங்கலாமா என்று கேட்டார்கள். ஆகவே ‘ஆர்க்கிடெக்சரல் அசிஸ்டன்ட்’ என்ற பெயரிலேயே விண்ணப்பியுங்கள். மதிப்பெண் பட்டியல், ஐந்தாண்டுப் பாடத்திட்டம், பழைய முதலாளிகள் தேதியிட்டுத் தந்த பணிச்சான்று ஆகியவற்றை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்துகொண்டு கல்லூரி அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும்.

பள்ளிக் கட்டடங்களுக்கு நான் வந்த வழியைச் சொன்னால் சிலருக்கு உதவலாம். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே எங்கள் ஊர். ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்னால், குரங்குகள் கலைத்துப் போட்ட நாட்டு ஓடுகளைப் பிரித்து அடுக்கக் கொத்தனார் வருவார். கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. ஓர் ஓட்டின் மேல் அடுத்த ஓடு எவ்வளவு ஏறி உட்கார வேண்டும் என்பதை அவர் விரலால் அளப்பார். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் நான் முதலில் கற்ற கட்டடக்கலை. எங்கள் பள்ளியிலோ பாதி தகரக் கொட்டகை, பாதி கீற்றுக்கொட்டகை. அடைமழை பிடித்தால் தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் ஆசிரியரின் குரல் முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. அவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பலகையில் கணக்கு எழுதிப் போடுவார்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அடுத்த வாரமே எங்கள் பள்ளியின் கீற்றைப் பெற்றோர்களே வந்து பிரித்துப் போட்டார்கள். மூங்கில்கள் மட்டும் வெயிலில் நிற்க, நாங்கள் புங்கமரத்தடியில் படித்தோம். பின்னர் திருச்சியில் பி.ஆர்க். படித்தபோது எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் மாடியிலிருந்து இறங்க எத்தனை வழி இருக்கிறது என்றுதான் என் கண் முதலில் தேடும்.

இங்கே இந்த அனுபவத்துக்கு நேரடிப் பயன் உண்டு. இங்கிலாந்தில் பள்ளிக் கட்டடங்களுக்கென்றே அரசு வெளியிட்ட வழிகாட்டிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன: தீப் பாதுகாப்புக்குப் பில்டிங் புல்லட்டின் 100, காற்றோட்டத்துக்கு 101, ஒலிக்கு 93. புதிதாகக் கட்டும் சாதாரண வகுப்பறையில், ஆளில்லாத நேரத்தில் வெளியிலிருந்தும் இயந்திரங்களிலிருந்தும் வரும் இரைச்சல் 35 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது 93. இலேசான கூரையின் மேல் மழை விழும் சத்தத்தையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பகுதியைப் படித்தபோது, பேச்சை நிறுத்திவிட்டுச் சாக்கட்டியை எடுத்த என் ஆசிரியர்தான் நினைவுக்கு வந்தார். நேர்காணலில் இதையே சொன்னேன். அதன் பிறகு வேறு கேள்விகள் அதிகம் வரவில்லை.

ஆனால் ஊர்ப் பழக்கம் காலை வாரிவிடும் இடமும் உண்டு. என் முதல் வகுப்பறை வரைபடத்தில் நம் தாழ்வாரத்தை நினைத்து ஆறடிக்கு இறவாரம் இழுத்திருந்தேன். தஞ்சையில் சித்திரை முதல் வாரத்து நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். லண்டனில் மார்கழித் தொடக்கத்து நண்பகலிலோ அது அடிவானத்திலிருந்து 15 பாகைதான் எழும், மாலை நான்கு மணிக்கு முன்பே அடைந்தும் விடும். வானமே மங்கிக் கிடக்கும் அந்த மாதங்களில், இறவாரம் மிச்ச வெளிச்சத்தையும் மறித்துவிடும் என்று மூத்தவர் ஒருவர் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். அடி, அங்குலத்தில் யோசிப்பதையும் அன்றோடு விட்டேன். இங்கே வரைபடம் முழுவதும் மில்லிமீட்டர்தான்.

வேலை தேடும்போது பெரிய அலுவலகங்களின் பெயருக்குப் பின்னால் ஓடாதீர்கள். உங்கள் வட்டார கவுன்சிலின் இணையதளத்தில் கட்டட அனுமதி விண்ணப்பங்கள் வரைபடங்களோடு பொதுப்பார்வைக்குக் கிடைக்கும். அருகிலுள்ள பள்ளி எதற்காவது கூடுதல் வகுப்பறை கட்டக் கேட்டிருக்கிறார்களா என்று தேடி, வரைந்தவர் யாரென்று பாருங்கள். விசா தேவைப்படுபவர்கள், வெளிநாட்டவரை விசா கொடுத்து வேலைக்கு எடுக்க உரிமம் பெற்றவர்கள் என்று இந்நாட்டு உள்துறை வெளியிடும் ஸ்பான்சர் பட்டியலில் அந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, அந்த வரைபடத்தைப் படித்ததையும் குறிப்பிட்டு அவர்களுக்கு எழுதுங்கள்.