ஓய்வூதிய நாளில் முன்னுரிமை வரிசை: மற்றோரின் காத்திருப்பு ஏன் இரட்டிப்பாகிறது?

கேள்வி – நிலாவெளி மாணவி

திருகோணமலை நகரின் வங்கிக் கிளை ஒன்றை மனத்தில் வைத்து வரிசை மாதிரியொன்றை அமைத்துள்ளேன். கருமபீடம் ஒன்று, சராசரிச் சேவை நேரம் 6 நிமிடம், அடுக்குக்குறிப் பரம்பல் (பல சேவைகள் குறுகியவை, சில மிக நீண்டவை), வருகை புவசோன் முறையில் (ஒருவர் வருவது மற்றவரின் வருகையைச் சாராமல், தற்செயலாக). முதியோருக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் தொடங்கிய சேவை இடையில் நிறுத்தப்படாது. சாதாரண நாளில் மணிக்கு முதியோர் 2 பேர், மற்றோர் 6 பேர் என்றும், ஓய்வூதிய நாளில் இவ்வெண்கள் இடம்மாறும் என்றும் கொண்டேன். மொத்த வருகை மாறாதபோதும் மற்றோரின் காத்திருப்பு 30 நிமிடத்திலிருந்து 60 ஆகிறது. இது சரிதானா?

பதில் – உப்புவெளி கணித ஆசிரியர்

சரியே. 1954இல் அலன் கொப்ஹம் தந்த சூத்திரத்தின்படி, புதிதாக வருபவர் முதலில் எதிர்கொள்வது நடந்துகொண்டிருக்கும் சேவையின் மிச்சம். மொத்தச் சுமை, அதாவது கருமபீடம் வேலையில் இருக்கும் நேரப் பங்கு, 0.8 (மணிக்கு 8 பேர் × 6 நிமிடம் = 48 நிமிடம்). அடுக்குக்குறிப் பரம்பலில், நடந்துகொண்டிருக்கும் சேவையின் மிச்சமும் சராசரி 6 நிமிடமே என்பதால் அவர் எதிர்கொள்ளும் சராசரி 0.8 × 6 = 4.8 நிமிடம். மற்றோருக்கு இதனை இருமுறை வகுக்கிறோம். மொத்தச் சுமையை 1இலிருந்து கழித்த 0.2ஆல் வகுத்தால் வரும் 24 நிமிடம், அவர் வரும்போது ஏற்கெனவே குவிந்திருக்கும் வேலை. முதியோரின் சுமையான 0.2ஐ 1இலிருந்து கழித்த 0.8ஆல் அதை மீண்டும் வகுப்பது, அவர் நிற்கையில் வந்து முந்துவோருக்காக. ஓய்வூதிய நாளில் இந்த 0.8 என்பது 0.4 ஆகிவிடுவதால் 30 என்பது 60 ஆகிறது. 4.8ஐ இந்த எண்ணால் மட்டும் வகுத்து வரும் முதியோரின் காத்திருப்பும் 6இலிருந்து 12 ஆகும். பெரும்பான்மையினருக்கு வழங்கும் முன்னுரிமையின் பயன் அவர்களுக்கே தேய்கிறது.

பதில் – மூதூர் வாசகர்

ஒவ்வொரு வகுப்பின் சுமையையும் அதன் காத்திருப்பால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். இரு நாட்களிலும் 19.2 வரும், வந்த ஒழுங்கில் அனைவரையும் அழைத்தாலும் 0.8 × 24 = 19.2தான். 1965இல் லெனார்ட் கிளைன்ரொக் நிறுவிய காப்பு விதி இது.

மறுமொழி – நிலாவெளி மாணவி

மிக்க நன்றி, ஐயா. முதியோரை நெடுநேரம் நிற்கவைக்க மனமில்லை. மற்றோருக்கு 60 நிமிடமும் நியாயமாகத் தெரியவில்லை. நடுவழி உண்டா?

பதில் – உப்புவெளி கணித ஆசிரியர்

உண்டு. கிளைன்ரொக் 1964இல் ஆராய்ந்த முறையில் முன்னுரிமை காத்திருப்போடு வளர்கிறது. முதியோருக்கு நிமிடத்துக்கு 2 புள்ளி, மற்றோருக்கு 1 புள்ளி என வைத்து, புள்ளி கூடியவரை முதலில் அழைத்தால், ஓய்வூதிய நாளில் முதியோர் ஏறத்தாழ 21 நிமிடமும் மற்றோர் 34 நிமிடமும் காத்திருப்பர். சாதாரண நாளில் இதனைப் பரிந்துரைக்க மாட்டேன். அன்று முழு முன்னுரிமையே சிறந்தது, ஏனெனில் வந்த ஒழுங்கில் அழைப்பதைவிட மற்றோர் 6 நிமிடம் கூடுதலாக நிற்பதால் முதியோருக்கு 18 நிமிடம் மிஞ்சுகிறது. களத்துக்குச் செல்லும்போது சேவை நேரத்தின் சராசரியோடு மாறற்றிறனையும் (நேரங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) அளந்து வாருங்கள். பணம் எடுப்போரும் கடன் பற்றி விசாரிப்போரும் ஒரே கருமபீடத்துக்கு வந்தால் அது அடுக்குக்குறிப் பரம்பல் சொல்வதை விடப் பெரிதாக இருக்கக்கூடும், அப்போது 4.8 என்ற எண்ணும், அதே விகிதத்தில் எல்லோருடைய காத்திருப்பும் உயரும்.