தலைகீழாகத் தொங்கும் மோன்ட்ரியான்: அருவ ஓவியத்துக்கு மேல், கீழ் உண்டா?

கரித்துண்டு:
உருவம் எதையும் காட்டாத அருவ ஓவியங்களுக்குப் பேர்போன டச்சு ஓவியர் பீட் மோன்ட்ரியானின் ‘நியூயார்க் சிட்டி 1’ ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகர அருங்காட்சியகத்தில் 1980 முதல் இருக்கிறது. வண்ண ஒட்டுநாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி 1941-இல் செய்தது. அது தலைகீழாகத் தொங்குகிறது என்று அங்குள்ள காப்பாளரே 2022-இல் சொல்லிவிட்டார். அதுவரை எத்தனை விமர்சகர்கள் அதன் முன் நின்று தலையாட்டியிருப்பார்கள்! பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் பால் ஊற்றும் பெண் படத்தைத் தலைகீழாக மாட்டுங்கள், பால் மேல்நோக்கி ஓடும். சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். அருவ ஓவியத்தை எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான்.

வேடிக்கைபார்ப்பவன்:
தெரிந்த பிறகாவது திருப்பி மாட்டினார்களா?

நீலக்கட்டம்:
இல்லை. நாடாக்கள் பழசாகிவிட்டன, திருப்பினால் உரிந்து விழுந்துவிடுமோ என்று பயம்.

கரித்துண்டு, எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான் என்றால் அந்தக் காப்பாளர் ஏன் மெனக்கெட வேண்டும்? நாடாக்கள் நெருங்கி வரும் ஓரம் இப்போது கீழே இருக்கிறது. படம் தரையில் ஊன்றி நிற்கிறது. அதை மேலே வைத்துப் பாருங்கள், கனமெல்லாம் உச்சிக்குப் போய்ப் படம் அமுக்கும். இதே போல் அவர் வரைந்து பாரிஸில் உள்ள எண்ணெய் வண்ணப் படத்திலும் நெருக்கம் மேலேதான். அப்புறம், பிரெஞ்சு ஓவியர் மாத்தீஸின் ‘படகு’ 1961-இல் நியூயார்க்கில் 47 நாள் தலைகீழாகத் தொங்கியதே? அதில் உருவம் இருந்ததே!

கரித்துண்டு:
நீங்களே என் கட்சிக்கு ஆள் சேர்க்கிறீர்கள். படகு இருந்ததால்தான் பார்க்க வந்த ஒரு பெண்மணி கண்டுபிடித்தார், 47 நாளில். மோன்ட்ரியான் படம் பிடிபட்டது 1944-இல் அவருடைய ஸ்டூடியோவில் எடுத்த பழைய புகைப்படத்தால்; அதில் படம் இப்போது இருப்பதற்கு நேர்த் தலைகீழாக இருக்கிறது. அந்தப் புகைப்படம் கிடைக்காமல் போயிருந்தால்?

நீலக்கட்டம்:
சரி, உங்கள் வெர்மீருக்கே வருகிறேன். அந்தப் பெண்ணின் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி, அதன் நிழல், ஆணி பிடுங்கிய சில ஓட்டைகள், அவ்வளவுதான். முதலில் அங்கே ஜாடிகள் மாட்டும் பலகை ஒன்றை வரைந்து, பிறகு தானே பூசி மறைத்திருக்கிறார். கீழே இருந்த கணப்புக் கூடையும் (நெருப்பு வைக்கும் கூடை) அப்படியே போயிற்று. ஸ்கேன் செய்து பார்த்து 2022-இல் அறிவித்தார்கள். சமையலறையில் இருக்க வேண்டிய பொருளை ஏன் எடுத்தார்? அந்த இடத்தில் அவருக்குப் பொருள் வேண்டாம், வெறும் வெள்ளை வேண்டும். மோன்ட்ரியானும் அந்த வேலையைத்தான் செய்தார், இன்னும் பிடிவாதமாக.

கரித்துண்டு:
பலகையை எடுத்தாரே தவிரப் பெண்ணை எடுக்கவில்லையே! எனக்கு மோன்ட்ரியான் மேல் பகை கிடையாது. 1911-இல் வரைந்த ‘சாம்பல் மரம்’ எனக்குப் பிடிக்கும். கிளைகள் வளைந்து வளைந்து கட்டங்களாக மாறப் பார்க்கின்றன, ஆனாலும் மரம் மரமாகவே நிற்கிறது. அவர் அங்கேயே நின்றிருக்கலாம்.

நீலக்கட்டம்:
அடுத்த வருடமே வரைந்த ‘பூத்த ஆப்பிள் மரம்’ பார்த்தீர்களா? அதில் மரம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.