அக்னிவீரர்களும் முன்னாள் படைவீரர்கள்தான் என்று மாநிலம் சட்டம் போட வேண்டுமா?

கணியம்பாடிக்காரன்:
அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடத்துக்கு மட்டும் படையில் சேர்க்கப்படுபவர்கள்தான் அக்னிவீரர்கள். 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு 2026 இறுதியிலிருந்து நான்கு வருடம் முடிகிறது. அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் ராணுவம் வைத்துக்கொள்ளும். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்று வெளியே வரும்போது ஒரே தடவையில் தரும் தொகை, சுமார் 11.71 லட்சம். பென்ஷன் இல்லை, கேன்டீன் கார்டு இல்லை, முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்டம் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியே கிடையாது. அதனால் தமிழ்நாடு போலீஸ் தேர்வில் முன்னாள் படைவீரர்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டிலும் இடமில்லை. ஹரியானா 2024-லேயே கான்ஸ்டபிள், வனக்காவலர் வேலைகளில் அக்னிவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு அறிவித்துவிட்டது. நம் சட்டமன்றமும் மாநிலச் சலுகைகளுக்கு இவர்களை முன்னாள் படைவீரர்களாக அறிவித்துச் சட்டம் போடட்டும்.

எங்கள் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர். இப்படிப்பட்ட ஊர்களில் மாதக் கடைசியில் பென்ஷன் ஏறினால்தான் மளிகைக் கடை நோட்டில் பாக்கி அடிபடும், மாட்டுக்குத் தீவனம் வரும். மழை பொய்த்த வருடத்திலும் அந்தப் பணம் வரும். அக்னிவீரர்களின் வீட்டுக்கு இனி அது வராது. இது பையன்களின் பிரச்சினை மட்டுமா, ஊர்ப் பிரச்சினை இல்லையா?

எக்ஸ்_ஹவில்தார்:
தம்பி, அக்கறை புரிகிறது. ஆனாலும் எதிர்க்கிறேன். 17 வருடம் எல்லையில் இருந்துவிட்டு 38 வயதில் வருகிறவனையும், 23 வயதுப் பையனையும் ஒரே 5 சதவீதத்துக்கு ஓடவிட்டால் யார் முன்னால் வருவார்? மத்திய அரசின் கீழ்நிலை வேலைகளில் எங்களுக்கு குரூப் சி-யில் 10, குரூப் டி-யில் 20 சதவீதம் என்று விதி இருக்கிறது. நிரம்புவது அதில் ஒரு சின்னப் பங்குதான். காகிதத்தில் இருப்பதை முதலில் நிரப்பச் சொல்லுங்கள்.

வரிகட்டுபவன்:
23 வயதில் வரியில்லாமல் 11.71 லட்சம். எந்தக் கிராமத்துப் பையனுக்குக் கிடைக்கிறது? நூறு நாள் வேலைக்கூலி எப்போது ஏறும் என்று வங்கிக்கு நடக்கிற அம்மாவுக்கு யார் சட்டம் போடுவது? ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு 1 கோடி வரை தொழில்கடன் இருக்கிறது. 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் வேறு. அதை இவர்களுக்கும் திறந்துவிட்டால் போதும். அரசாணை ஒன்றே போதும், சட்டம் எதற்கு?

தேனிமலர்:
@வரிகட்டுபவன், ஏதோ இனாம் மாதிரி பேசுகிறீர்கள். முதல் வருடம் மாதச் சம்பளம் 30,000. அதில் 9,000 பிடித்துக்கொண்டு 21,000 தான் கையில் கொடுக்கிறார்கள். நான்கு வருடமும் 30 சதவீதம் பிடித்தம், கூட்டிப் பாருங்கள், 5 லட்சத்துக்கு மேல் அவர்கள் காசுதான். முழுத் தொகையையும் 7 சதவீத வட்டியில் போட்டாலும் மாதம் 6,800 சொச்சம்தான் வரும். ஆனால் யார் வங்கியில் போட்டு வைப்பார்கள்? அக்கா கல்யாணம் நிற்கும், போர்வெல் ஆயிரம் அடி கேட்கும். அப்புறம் உங்கள் 1 கோடிக் கடன்! ஏற்கெனவே மூன்று பெட்டிக்கடை உள்ள தெருவில் நான்காவது கடை வைக்கவா?

வரிகட்டுபவன்:
பெட்டிக்கடை என்று யார் சொன்னது? பால் குளிரூட்டும் நிலையம், டிராக்டர் வாடகை, வெல்டிங் பட்டறை. நான்கு வருடம் வண்டியும் இயந்திரமும் பார்த்தவனுக்கு இது வராதா? அவன் பணத்தை எப்படிச் செலவழிப்பான் என்பது அவன் பாடு. அதற்கும் சட்டம் கேட்காதீர்கள்.

கணியம்பாடிக்காரன்:
எல்லாரும் டிரைவர், மெக்கானிக் இல்லை. காலாட்படையில் இருந்தவன் எந்தப் பட்டறை வைப்பான்? ஹவில்தார் அண்ணா சொன்ன ஓட்டப்பந்தய விஷயம் நியாயம். அப்படியானால் உங்கள் 5 சதவீதத்தைத் தொடாமல், போலீஸ், வனத்துறை, சிறைத்துறையில் மட்டும் தனியாக 3 சதவீதம், முதல் பத்து வருடத்துக்கு. சம்மதமா?

எக்ஸ்_ஹவில்தார்:
எங்களுடையதைத் தொடாவிட்டால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் விதிமுறையில் அதைத் தெளிவாக எழுத வேண்டும். ‘தனி’ என்று அறிவித்துவிட்டு உள்ளே சேர்த்துவிடுவார்கள், பார்த்திருக்கிறேன்.

வரிகட்டுபவன்:
அந்த 3 எங்கிருந்து வரும்? ராணுவத் தேர்வில் உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்து திரும்பி வந்து, இப்போது போலீஸ் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருப்பவனும் அதே ராணுவப்பேட்டைக்காரன்தானே? அவனுக்கு என்ன சொல்வீர்கள்?