கைப்பின்னலில் ‘கேஜ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

பொருள்: மறு: ‘கேஜ்’ / ‘டென்ஷன்’ – கலைச்சொல் வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> என் அண்ணி நன்றாகப் பின்னுவார். டொராண்டோவில் இருக்கும் அவருடைய அக்கா பேத்திக்கு ஆறு மாதம். ஒரு கம்பளிக் குல்லா பின்னி அனுப்ப ஆசைப்பட்டார். இணையத்தில் கிடைத்த அமெரிக்கக் குறிப்பை நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். நடுத்தரத் தடிமன் நூல், 8-ஆம் நம்பர் ஊசி, 72 ஸ்டிட்ச். மேலே ‘கேஜ்: 4 அங்குலத்துக்கு 18’ என்று ஒரு வரி. அகராதியைப் பார்த்து ‘அளவி: 18’ என்று போட்டேன். அந்தக் கருவி நம்மிடம் இல்லையே என்று அண்ணி அந்த வரியையே தாண்டிவிட்டார். குல்லா குழந்தையின் தலையில் ஏறவில்லை. சரியான சொல் என்ன?

பின்னிய துணியில் ஓர் அளவு அகலத்துக்குள் எத்தனை ஸ்டிட்ச் விழுகிறது என்ற கணக்குதான் இந்தக் ‘கேஜ்’. முதலில் குல்லாவைப் பார்த்துவிடுவோம். என்ன சொல் வேண்டும் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். ஸ்டிட்சை, அதாவது ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையத்தையும், ‘கண்ணி’ என்று சொல்லிக்கொண்டு போகிறேன், காரணம் பின்னால் வருகிறது.

4 அங்குலம் என்பது ஏறக்குறைய 10 செ.மீ. அந்த அகலத்தில் 18 கண்ணி விழுந்தால் 72 கண்ணிக்குச் சுற்றளவு 40 செ.மீ. ஆறு மாதக் குழந்தையின் தலை 42, 43 செ.மீ. இருக்கும். பின்னல் இழுத்துக் கொடுக்கும் என்பதால் 40 சரியாக உட்காரும். ஆனால் 8-ஆம் நம்பர் ஊசியில்தான் வில்லங்கம். அமெரிக்க எண்ணில் 8 என்றால் 5 மி.மீ. தடிமன். பழைய பிரிட்டிஷ் எண்ணில் அதே 8 வெறும் 4 மி.மீ. போதாக்குறைக்கு இரண்டும் எதிரெதிராக ஓடுகின்றன: அமெரிக்காவில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும், பிரிட்டிஷ் முறையில் எண் ஏற ஏற மெலியும். நம் ஊர்க் கடைகளில் பிரிட்டிஷ் எண் பொறித்த ஊசி இன்னும் விற்கிறது. உங்கள் அண்ணி கையில் இருந்தது அதுவாகத்தான் இருக்கும். அந்த ஊசியில் அதே நூலைப் போட்டால் 10 செ.மீ.க்கு 21 கண்ணி வாக்கில் விழும். 72-ஐ 21-ஆல் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள். 34 செ.மீ. சொச்சம். பிறந்த குழந்தையின் தலைக்குத்தான் அது பொருந்தும்.

ஊசி எண் தப்பாகப் போனாலும் அந்த ஒரு வரி புரிந்திருந்தால் குல்லா தப்பித்திருக்கும். சிறு துண்டு ஒன்றைப் பின்னி, அளந்து, 18-க்குப் பதில் 21 விழுகிறதே என்று பார்த்து ஊசியை மாற்றியிருப்பார். ஆகவே நாம் தேடும் சொல்லைப் படித்ததும் பின்னுகிறவருக்கு ‘எண்ணிப் பார்க்க வேண்டும்’ என்று தோன்ற வேண்டும்.

இனி ஆங்கிலச் சொல். ‘கேஜ்’ அமெரிக்க வழக்கு. இதையே பிரிட்டனில் ‘டென்ஷன்’ என்பார்கள், நூல் உருண்டையைச் சுற்றிய பட்டையிலும் அப்படித்தான் அச்சிடுவார்கள். ஒரே பொருளுக்கு அவர்களிடமே இரண்டு சொல், ஒன்று அளவுகோல் பக்கத்திலிருந்து வருகிறது, மற்றது இழுவிசைப் பக்கத்திலிருந்து. இரண்டுமே பொருளை நேராகச் சொல்லவில்லை. பிறகு நாம் எதற்கு அவற்றைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

தமிழ் இதற்கு முன்பும் ‘கேஜ்’ என்ற சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறது. மழையை அளப்பது மழைமானி. ரயிலில் 1,676 மி.மீ. இடைவெளி உள்ள தடத்தை ‘அகல மானி’ என்று யாரும் எழுதவில்லை, அகலப் பாதை என்றே நாளிதழ்கள் எழுதுகின்றன. கம்பிக்குத் தடிமன் என்று சொன்னால் போதும். இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது, தமிழும் இடத்துக்கு ஏற்ற சொல்லைப் போட்டுக்கொண்டது. அதனால் பின்னலுக்கும் தனிச்சொல் போடுவதில் தயக்கம் வேண்டாம்.

குழுமத்தில் இதுவரை வந்த பரிந்துரைகள்:

> இழுவிசை. இயற்பியலில் பரப்பு இழுவிசை என்கிறோமே.

இதை ஏற்க முடியாது. பின்னும்போது நூலை விரலில் சுற்றி இழுத்துப் பிடிக்கிறோமே, அந்தப் பிடிக்கு ‘இழுப்பு’ என்ற சொல் தேவைப்படும். இழுப்பு மாறினால் கண்ணிகளின் எண்ணிக்கை மாறும். காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே பெயர் வைத்தால் ‘உங்கள் இழுவிசை சரியில்லை, இழுவிசையை மாற்றுங்கள்’ என்று எழுத வேண்டிவரும். டென்ஷன் என்று அப்படியே எழுதலாம் என்றால், அது தமிழில் வேறு வேலைக்குப் போய்விட்டது. ‘டென்ஷனைச் சரிபார்க்கவும்’ என்று குறிப்பில் இருந்தால் பாட்டி மாத்திரையைத் தேடுவார்.

> அளவி என்பதையே வைத்துக்கொண்டு ‘பின்னல் அளவி’ என்று விளக்கமாகச் சொல்லலாம்.

அளவி என்றால் கருவிதான். அப்படி ஒரு கருவி உண்மையிலேயே இருக்கிறது: வரிசையாகத் துளை போட்ட சிறு தகடு, எண் அழிந்துபோன ஊசியை நுழைத்துப் பார்த்துத் தடிமன் கண்டுபிடிப்பார்கள். ‘ஊசி அளவி’ என்ற பெயர் அதற்குத்தான் போக வேண்டும்.

> கண் அடர்த்தி. ஸ்வீடிஷ் மொழியில் இதே பொருளில்தான் சொல் இருக்கிறது.

உண்மைதான். மற்ற மொழிகளைப் பார்த்தால் ஆளுக்கு ஒரு வழி. நார்வேக்காரர்கள் ‘பின்னல் உறுதி’ என்கிறார்கள், டச்சுக்காரர்கள் ‘கண்ணி விகிதம்’ என்கிறார்கள். ஜெர்மன் சொல்லான ‘மாஷென்ப்ரோப’வுக்கு ‘கண்ணிச் சோதனை’ என்று பொருள். அடர்த்தி எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் பேச்சுத் தமிழில் தடித்த நூலில் பின்னிய குளிர்ச்சட்டையைத்தான் அடர்த்தி என்போம். அதில் 10 செ.மீ.க்கு 12 கண்ணிதான் இருக்கும். மெல்லிய காலுறை நூலில் 30 கண்ணி இருக்கும், அதை யாரும் அடர்த்தி என்று சொல்வதில்லை. சொல்லின் இயல்பான பொருளே எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

> தையல் எண்ணிக்கை?

தையல் என்றால் நூல் துணிக்குள் நுழைந்து வெளியே வருவது. பின்னலில் துணியே கிடையாது, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை இழுத்து இழுத்துத்தான் துணி உண்டாகிறது. ஒரு வளையம் நழுவினால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஏணி போல அவிழ்ந்து இறங்கும். சுருக்கு, வளையம், சங்கிலியின் ஒரு கூறு எல்லாவற்றுக்கும் தமிழில் ஏற்கெனவே இருக்கும் சொல் கண்ணி. இந்தி பேசும் வீடுகளில் பின்னுகிறவர்களும் இதை ‘ஃபந்தா’ என்பார்கள். அதற்கும் சுருக்கு என்றே பொருள். யாரும் குழு கூட்டித் தீர்மானித்துக் கொடுத்த சொல் அல்ல அது. வெறும் ‘கண்’ என்பதைவிட ‘கண்ணி’ நல்லது. ‘என் கண் குறைந்துவிட்டது’ என்று எழுதினால் வேறு வைத்தியம் சொல்வார்கள்.

என் பரிந்துரை: கண்ணி வீதம்.

ஆளுக்கு இரண்டு வீதம், நாளுக்கு பத்து ரூபாய் வீதம் என்று தினமும் சொல்கிறோம். ‘அங்குலத்துக்கு ஐந்து கண்ணி வீதம் போடு’ என்றால் பின்னத் தெரிந்த யாருக்கும் விளக்கவுரை தேவையில்லை. வீதம் என்றாலே ‘எதற்கு?’ என்ற கேள்வியும் ‘எத்தனை?’ என்ற கேள்வியும் சேர்ந்து வருகின்றன. எண்ணவும் பெருக்கவும் அது வழிவிடுகிறது. 1910-இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த எலிசபெத் ஸிம்மர்மன் என்ற பின்னல் ஆசிரியர், ஸ்வெட்டர் முழுவதையும் இந்த ஒரு பெருக்கலில் அடக்கிக் காட்டினார். அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்பதை மார்புச் சுற்றளவால் பெருக்கினால் வருவது அடிப்படை எண், மணிக்கட்டில் அதில் 20 விழுக்காடு, கழுத்தில் 40 விழுக்காடு, இப்படி. வீதம் தெரிந்தவருக்கு அச்சிட்ட குறிப்பே வேண்டாம் என்பது அவர் கட்சி.

கண்ணி வீதம் என்று வைத்தால் உறவுச் சொற்களும் தாமாக வந்துவிடும். உயரவாட்டில் எண்ணுவது வரிசை வீதம். திருப்பூரில் ‘24 கேஜ் மிஷின்’, ‘28 கேஜ் மிஷின்’ என்கிறார்களே, அது வட்டப் பின்னல் எந்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு. எந்திரத்தை வாங்கும்போதே அது முடிவாகிவிடும். அதை ஊசி வீதம் எனலாம். கைப்பின்னலில் அப்படி வரிசையாகப் பொருத்திய ஊசிகள் கிடையாது, வீதத்தைத் தீர்மானிப்பது நூலும் கையும் ஊசியின் தடிமனும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் கிடக்கும் இரண்டும் தமிழில் பிரிந்துவிடுகின்றன.

குறிப்பில் அந்த வரி இப்படி இருக்கலாம்: ‘கண்ணி வீதம்: 10 செ.மீ.க்கு 18 கண்ணி, 24 வரிசை. 5 மி.மீ. ஊசி, அல்லது இந்த வீதம் கிடைக்கும் வேறு ஊசி.’ ஊசியை எண்ணால் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.

* * *

பொருள்: மறு: மறு: ‘கேஜ்’ / ‘டென்ஷன்’

மூன்று மறுப்பு வந்திருக்கிறது. எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன்.

> கேஜ் என்றே எழுதினால் என்ன? திருப்பூரில் எல்லோருக்கும் புரிகிறதே.

திருப்பூரில் புரிவது ஊசி வீதம். அங்கே வேலை பார்த்த ஒருவர் வீட்டில் பேரனுக்குச் சட்டை பின்ன உட்கார்ந்து ‘18 கேஜ்’ என்று படித்தால் அங்குலத்துக்கு 18 என்றுதான் எடுத்துக்கொள்வார். குறிப்பு சொல்வதோ நாலு அங்குலத்துக்கு 18.

> யாழ்ப்பாணத்தில் ‘10 வீதம்’ என்றால் நூற்றுக்குப் பத்து. ‘கண்ணி வீதம் 22’ என்றால் எங்கட ஆட்கள் 22 சதவீதம் என்றுதான் வாசிப்பினம்.

இதுதான் கனமான மறுப்பு, தள்ளிவிட முடியாது. கனடாவிலும் லண்டனிலும் குளிருக்காக ஊசியைக் கையில் எடுக்கும் தமிழரில் ஈழத்தவர் நிறைய. அவர்களுக்கு உதவாத சொல்லை வைத்து என்ன செய்ய? மாற்றாக ‘கண்ணிக் கணக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். அதில் வேறு குழப்பம். குல்லாவுக்கு மொத்தம் 72 கண்ணி போடுகிறோமே, அதுவும் கண்ணிக் கணக்குதானே? குறிப்பில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரும். ‘கண்ணி நெருக்கம்’ பரவாயில்லை, அழகாகவும் இருக்கிறது, ஆனால் ‘நெருக்கம் 12’ என்றால் நெருக்கமா, தளர்வா? எண் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்ற தொனி அதில் ஒட்டிக்கொள்கிறது. தளர்வாகப் பின்னுவது குற்றமில்லை, துளைத்துளையாகப் பின்னும் ‘லேஸ்’ சால்வை போன்ற மெல்லிய வேலைக்கு அதுதான் அழகு.

ஆகவே வீதத்தை விடாமல் ஒரு கட்டுப்பாடு வைக்கலாம். எண்ணை வீதத்தோடு ஒட்டி எழுதக் கூடாது. ‘22 வீதம்’ என்று ஒருபோதும் வேண்டாம். ‘10 செ.மீ.க்கு 22 கண்ணி’ என்று அளவும் பொருளும் எப்போதும் கூடவே நிற்கட்டும். அப்படி நின்றால் சதவீதம் என்று வாசிக்க வழியில்லை. மறுத்தவரே இதற்குச் சம்மதம் சொல்லித் தனிமடல் போட்டிருக்கிறார், நன்றி.

> துவைப்பதற்கு முன்னா, பின்னா? சூப்பர்வாஷ் மெரினோ கம்பளியில் என் கணவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். பின்னும்போது அளவு அச்சாக இருந்தது. ஒரு தடவை அலசிக் காயவைத்ததும் கை முழங்கால்வரை தொங்குகிறது.

சொல்லுக்கான மறுப்பு இல்லை என்றாலும் வரையறையில் இதைச் சேர்க்க வேண்டும். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்கு இருக்கிறது. சுடுநீரில் போட்டு அலசிப் புரட்டினால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டிப்படும். அது நடக்காமல் இருக்க, சூப்பர்வாஷ் நூலில் செதிலைக் குளோரின் கொண்டு மழுக்கி மேலே மெல்லிய பிசின் பூச்சு கொடுப்பார்கள். எந்திரத்தில் துவைக்கலாம், நல்லதுதான். ஆனால் பக்கத்து இழையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்ததும் அதே செதில்தான். அது போனதும் ஈரக் கனத்தில் கண்ணிகள் வழுக்கி நீள்கின்றன. பருத்தி வேறு விதம்: அதற்கு நீட்டிச் சுருங்கும் தன்மை குறைவு, கனமும் அதிகம், துவைக்காமலே தன் எடையில் தொங்கும். (உங்கள் ஸ்வெட்டரை, நூல் பட்டை அனுமதித்தால், உலர்த்தும் எந்திரத்தில் மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். சூப்பர்வாஷ் ஓரளவு சுருங்கி வரும்.)

எனவே வரையறை: ‘கண்ணி வீதம் – குறிப்பிட்ட நூலும் ஊசியும் கொண்டு ஒருவர் பின்னிய துண்டை, பயன்படுத்தும்போது துவைக்கப்போகும் முறையிலேயே துவைத்து உலர்த்திய பின், ஓர் அளவு அகலத்துக்குள் விழும் கண்ணிகளின் எண்ணிக்கை. வழக்கமாக 10 செ.மீ.க்குச் சொல்லப்படும்.’ கொஞ்சம் நீளம்தான். ஆனால் ‘ஒருவர் பின்னிய’ என்பதை வெட்ட வேண்டாம். ஒரே நூல், ஒரே ஊசி, அம்மாவுக்கு 20, மகளுக்கு 23 என்று விழுவது சாதாரணம்.

அந்தச் சோதனைத் துண்டுக்கு, ‘ஸ்வாட்ச்’ என்பதற்கு, ‘மாதிரித் துண்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பூ வேலைப்பாட்டையும் மாதிரி என்றுதான் சொல்கிறோம் என்பதால் மோதும். ‘பதத்துண்டு’ என்று இன்னொருவர் தந்திருக்கிறார், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கில். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. வேலையும் அதேதான். ஒரே ஒரு வேறுபாடு, ஒரு சோறு போல ஒரு விரற்கடைத் துண்டு போதாது. ஓரக் கண்ணிகள் சுருண்டு அளவைக் கெடுக்கும். 15 செ.மீ. சதுரமாவது பின்னி நடுவில் உள்ள 10 செ.மீ.யை மட்டும் எண்ண வேண்டும். குல்லா போல வட்டமாகப் பின்னப் போகிறோம் என்றால் பதத்துண்டும் வட்டமாகவே வேண்டும். தட்டைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பின்னும்போது பலருக்கு ஒரு பக்க வரிசை தளர்ந்து விழும்.

‘பேட்டர்ன்’ என்பதற்குப் பின்னல் குறிப்பு. சமையல் குறிப்பு இருக்கும்போது இதில் விவாதிக்க எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். துவைத்த பின்னலை விரித்துப் படிய வைப்பதை, ‘பிளாக்கிங்’ என்பதை, ‘படியவைத்தல்’ என்று இப்போதைக்கு எழுதிவைக்கிறேன். குண்டூசி குத்தி விரிப்பது, நீராவி காட்டுவது எல்லாம் இதில் அடங்குமா என்று கேட்டிருக்கிறார்கள். அடங்கும், ஆனால் அக்ரிலிக் நூலுக்கு மட்டும் நீராவி வேண்டாம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன். சூட்டில் அது துவண்டால் பிறகு எதைச் செய்தாலும் நிமிராது.

கண்ணி வீதம், வரிசை வீதம், ஊசி வீதம், ஊசி அளவி, பதத்துண்டு, பின்னல் குறிப்பு ஆறையும் ஞாயிறு இரவு பட்டியலில் ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். இந்தியில் ‘சீதா’, ‘உல்டா’ என்று சொல்லும் இரண்டு அடிப்படைக் கண்ணிகளுக்கு ‘நேர்க்கண்ணி’, ‘புறக்கண்ணி’ என்று வந்திருப்பதைத் தனி விவாத இழையாகத் தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.

அன்புடன்.