புராஸ்டேட் ஆபரேஷன்: சுரண்டுவதா, லேசரா? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

காட்பாடி ரயிலடி:
அப்பாவுக்கு வயது 71, சுரப்பி 90 கிராம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தவருக்கு நடுராத்திரி ஒரு சொட்டு மூத்திரம்கூட இறங்கவில்லை. ஆட்டோவில் ஓடிப்போய் ட்யூப் போட்டோம், அப்புறம்தான் ஆபரேஷன் பேச்சே வந்தது. நாங்கள் போன இடத்தில் லேசர் இல்லை, வெளியே விசாரித்தால் செலவு எட்டவில்லை, சரி என்று சுரண்டி எடுக்கும் டி.யூ.ஆர்.பி.க்கே ஒத்துக்கொண்டோம்.

மறுநாள் ராத்திரிதான் இன்னும் உறுத்துகிறது. மூத்திரப்பையைக் கழுவ மேலே சலைன் ஓடிக்கொண்டிருக்கிறது, கீழே பையில் ஒன்றும் ஏறவில்லை. ரத்தம் நின்றுவிட்டது என்று நினைத்து நான் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் விரலெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. நர்ஸம்மா ஓடிவந்து ட்யூபில் பெரிய சிரிஞ்சைச் சொருகி இழுத்தார், ரத்தம் ஈரல் துண்டு மாதிரி கட்டி கட்டியாக வந்தது. பை பீட்ரூட் கலரிலிருந்து ரோஸ்மில்க் கலருக்கு வருவதற்குள் பால் வண்டிச் சத்தம் கேட்டுவிட்டது. அரைமணி நேரம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, நான் பையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். லேசர் என்றால் இது நடந்திருக்காதோ?

குடியாத்தம் தறிக்காரன்:
தம்பி, லேசரிலும் ரத்தம் வரும், குறைவாக வரும், அவ்வளவுதான். எனக்கு 58 வயதில் ஹோலெப் என்கிற லேசர் ஆபரேஷன் செய்தார்கள், மறுநாளே ட்யூபை எடுத்துவிட்டார்கள். ஆனால் அப்புறம் இரண்டு மாதம் இருமினால் லுங்கி நனையும், தும்மினால் நனையும். கல்யாண வீட்டுப் பந்தியில் எழுந்திருக்க முடியாமல் மூன்றாவது பந்திவரை உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விந்து வெளியே வராது. செக்கப்புக்குப் போனால் சின்ன வயது டாக்டரம்மா, பக்கத்தில் வீட்டுக்காரம்மா, எனக்கு நாக்கு எழவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு, "அது பின்னாடி மூத்திரப்பைக்குள்ள போயிடும்ங்க ஐயா, ஒண்ணும் ஆகாது" என்று சத்தமாகவே சொன்னார். கையெழுத்து வாங்கிய பேப்பரில் இருந்ததாம். அந்த வலியில் எவன் படிக்கிறான்?

ஆற்காடு ஓய்வு:
இரண்டு பேரும் பாதிதான் சொல்கிறீர்கள். விந்து உள்ளே திரும்புவது சுரண்டினாலும் பெரும்பாலும் நடப்பதுதான், லேசரை மட்டும் குறை சொல்லக் கூடாது. என் கதை சின்னது. ஆரணியிலிருந்து வேலூர் வரும் பஸ்ஸைக் கண்ணமங்கலம் தாண்டி நிறுத்தச் சொல்லி இறங்கினேன், வயலோரம் நின்றேன், வரவில்லை, பஸ்ஸில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை நான்கு வருஷம் உடம்புச் சூடு என்று வெந்தயத் தண்ணீர் குடித்தவன் நான்.

முதலில் அளவைப் பாருங்கள். தேங்காயைத் துருவுவது டி.யூ.ஆர்.பி., ஓட்டிலிருந்து நெம்பி முழுசாக எடுப்பது ஹோலெப். 80 கிராமைத் தாண்டினால் துருவ நேரம் பிடிக்கும், ரத்தமும் கூடும், அதனால்தான் பெரிய சுரப்பிக்கு ஹோலெப், இல்லையென்றால் வயிற்றைத் திறந்து செய்வது. பழைய முறைக் கருவியில் கிளைசின் கரைசல் ஓடும். அது அதிகமாக ரத்தத்தில் கலந்தால் சோடியம் இறங்கி ஆள் உளற ஆரம்பித்துவிடுவார். பைபோலார் கருவியில் சலைனே ஓடுவதால் அந்த பயம் இல்லை. டி.யூ.ஆர்.பி. என்று சொன்னால் எந்தக் கருவி என்று கேளுங்கள், கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். விந்து விஷயம் முக்கியம் என்றால் கிளிப் மாதிரி மாட்டி இழுத்துக் கட்டும் யூரோலிஃப்ட் இருக்கிறது, நீராவி பாய்ச்சும் ரெசூம் இருக்கிறது. பெரிய சுரப்பிக்கு அவை சரிப்படாது, நீராவிக்குப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். எதைச் செய்தாலும் சுரப்பியின் வெளி ஓடு உள்ளேயே இருக்கும், அதனால் புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்த டெஸ்ட்டை விடக் கூடாது. அப்புறம் ராத்திரி ஏழு மணிக்கு மேல் காபி, டீயை நிறுத்துங்கள்.

காட்பாடி ரயிலடி:
ஐயா, அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. நன்றாகப் போகிறது. நான் கேட்டது அந்த ராத்திரியைப் பற்றி.

ஆம்பூர் வீட்டம்மா:
தம்பி, பை நிறையாவிட்டால் கூப்பிட வேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒரு நர்ஸ் சொன்னதால்தான் தெரியும், இல்லையென்றால் நானும் சந்தோஷப்பட்டுத்தான் இருப்பேன். எங்கள் வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்று இதய டாக்டருக்கும் ஆபரேஷன் டாக்டருக்கும் நடுவில் பத்து நாள் அலைந்தோம். கடைசியில் லேசர்தான்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றேன். ஆறு வருஷமாகச் சொட்டுச் சொட்டாகக் கேட்ட சத்தம் அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கேட்டது. உள்ளேயிருந்து அவர், "ஏய், கேட்டுதா?" என்றார்.